‘லூயி லூயி’யில் ஆபாசம் எங்கே இருந்தது?

1963 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறிய ஒரு ராக் பாடலை எஃப்.பி.ஐ. 1964இல் விசாரிக்கத் தொடங்கி 1966 வரை விசாரித்துக்கொண்டிருந்தது. பாடல் ‘லூயி லூயி’. பாடியவர்கள் ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டைச் சேர்ந்த கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு. பாட்டுக்குள் ஆபாச வரிகள் ஒளிந்திருக்கின்றன என்று பெற்றோர்கள் புகார் எழுதினார்கள். ஒரு கடிதம் நேராக அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே போனது. இண்டியானா மாநில ஆளுநர் மாத்யூ வெல்ஷ் பாடலைக் கேட்டுவிட்டு, இதை ஒலிபரப்ப வேண்டாம் என்று மாநில ஒலிபரப்பாளர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஆபாசப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வது மத்தியச் சட்டப்படி குற்றம் என்பதால் விவகாரம் எஃப்.பி.ஐ.யின் கைக்கு வந்தது. வாஷிங்டனில் இருந்த அதன் ஆய்வுக்கூடம் இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழலவிட்டுக் கேட்டது. நூறு பக்கங்களைத் தாண்டிய அந்தக் கோப்பின் முடிவு இதுதான்: எந்த வேகத்தில் ஓட்டினாலும் வரிகள் விளங்கவில்லை, ஆகவே வழக்குப் போட வழியில்லை. அரசாங்கப் பணத்தை வீணடித்த கூத்து என்று இதைச் சொல்லிச் சிரிப்பது ராக் இசை வரலாறு எழுதுகிறவர்களின் வழக்கம். விசாரணையின் நோக்கம் சிரிப்புக்குரியதுதான், அதன் முடிவு அப்படியல்ல. அந்த ஆரவாரத்தில் ‘எங்களுக்குக் கேட்கவில்லை’ என்று எழுதிக்கொடுக்கத் துணிந்த வெகு சிலரில் அந்த ஆய்வுக்கூடமும் ஒன்று. புகார் செய்தவர்களுக்கோ வரிகள் பளிச்சென்று கேட்டன. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டது. இல்லாத ஒன்று எப்படி அத்தனை தெளிவாகக் கேட்டது என்பதுதான் ஆராய வேண்டியது.

நான் சொல்ல வருவது இது. ஒலி தெளிவற்றும் இரைச்சல் மிகுந்தும் இருக்கும்போது, நம் காதில் விழும் சொற்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. மூளை அவற்றை உள்ளிருந்து தயாரித்துத் தருகிறது. தயாரித்த சொல்லுக்கும் கேட்ட சொல்லுக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரிவதும் இல்லை. ஆகவே புரியாத பாட்டில் ஒருவர் கண்டெடுக்கும் வரி அந்தப் பாட்டைப் பற்றிய சான்றாக ஆவதற்கு முன், அவர் முன்கூட்டியே எதை எதிர்பார்த்தார் என்பதற்கான சான்றாகத்தான் இருக்கிறது. அதைப் பாட்டைப் பற்றிய சான்றாக மாற்ற வழி உண்டு. ஆனால் அது காதைத் தீட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பது அல்ல.

முதலில் பாட்டின் பிறப்பைப் பார்க்கலாம், ஏனென்றால் இதன் உண்மையான வரிகள் ஒருபோதும் மர்மமாக இருந்ததில்லை. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி 1955இல் எழுதி, 1957இல் தம் குழுவோடு பதிவு செய்த பாட்டு இது. தாளத்தை ரெனே டூசே என்ற கியூப இசைக்கலைஞரின் சா சா சா இசையிலிருந்தும், கதை சொல்லும் பாங்கைச் சக் பெர்ரியின் ‘ஹவானா மூன்’ பாட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். கதை மிக எளிது. ஜமைக்காவில் தனக்காகக் காத்திருக்கும் காதலியை நினைத்து ஏங்கும் மாலுமி ஒருவன், மதுக்கடையில் ஊற்றிக்கொடுக்கும் லூயி என்பவரிடம் தன் கப்பல் பயணத்தையும் அவளைச் சேரப்போகும் நாளையும் சொல்லிக்கொண்டிருக்கிறான். மேடைக்கென்று செய்த கரீபியன் வழக்கில் அவன் பேசுகிறான். வாக்கியங்கள் பள்ளிக்கூட ஆங்கிலத்தின் இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. இந்தச் சிறு விவரம் பின்னால் நமக்கு வேண்டும். பெர்ரியின் பதிவில் ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்கும். அது மேற்குக் கரையோரம் ஓரளவு விற்றது. யாரும் காவல்துறைக்கு எழுதவில்லை. பெர்ரியோ தம் திருமணச் செலவுக்காகப் பாட்டின் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார்.

கிங்ஸ்மென் அதைப் பதிவு செய்தது 1963 ஏப்ரலில், போர்ட்லண்டின் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், ஐம்பது டாலரை ஒட்டிய செலவில், ஒரே மூச்சில். பாடகர் ஜாக் ஈலிக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தது. மைக் அவர் தலைக்கு மேலே தொங்கியது. சுற்றிலும் டிரம்ஸும் கிட்டாரும் முழங்க, அவர் கழுத்தை அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும் அவர் கொஞ்சம் முந்திக்கொண்டு பாட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி தொடங்குவது இன்றும் அந்தப் பதிவில் கேட்கிறது. தவறைத் திருத்த இரண்டாவது பதிவு எடுக்கவில்லை.

இந்த விவரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒலியியலில் கணக்கு உண்டு. பேச்சின் உரம் உயிரொலிகளில் இருக்கிறது, பொருளின் பெரும்பகுதியோ மெய்யொலிகளில் இருக்கிறது. உயிரொலி நீண்டது, சத்தமானது. சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்கி மூவாயிரத்துக்குள் அதன் அடையாளம் முடிந்துவிடும். மெய்யொலி கண நேரத்தது, மெலிந்தது. ஸகரம் போன்ற உரசொலிகளின் ஆற்றல் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான் குவிகிறது. ஒருவர் குரலை உயர்த்தும்போது உயிரொலிகள்தான் பெரிதாகின்றன, மெய்யொலிகள் அதே விகிதத்தில் பெரிதாவதில்லை. அதனால்தான் ஓரளவுக்கு மேல் கத்தினால் புரிதல் கூடுவதற்குப் பதில் குறைகிறது. பாடும்போது நிலைமை இன்னும் மோசம். உயிரொலியைத்தான் இழுத்துப் பாட முடியும், வல்லொற்றை இழுக்க முடியாது. பாடிய சொற்களையும் பேசிய சொற்களையும் கேட்பவர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்ட லாரன் காலிஸ்டர், டேவிட் ஹியூரன் இருவரின் 2008 ஆய்வில், பாடியதைக் கேட்டவர்கள் செய்த பிழைகள் ஏறத்தாழ ஏழு மடங்கு. அவர்கள் பின்னணி இசை எதையும் சேர்க்காமலே கிடைத்த கணக்கு அது. ராக் இசையில் டிரம்ஸின் உலோகத் தட்டுகளும் திரிபூட்டிய கிட்டாரும் மெய்யொலிகள் வாழும் அந்த உயர் அதிர்வெண் பகுதியைத்தான் முழுதாக அடைத்துக்கொள்கின்றன. இதற்கு மேல் பல் கம்பி. பிறகு அன்றைய வானொலி அலைவரிசை, அது ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பெரிதாகக் கடத்தாது. ஈலி பாடியது ஒரு பதின்வயதுப் பையனின் டிரான்சிஸ்டரை எட்டியபோது அதில் எஞ்சியிருந்தவை சில உயிரொலிகளும் ஒரு தாளமும்தான்.

அப்படியானால் கேட்டவர்களுக்கு ‘ஏதோ ஓட்டை விழுந்த பேச்சு’ என்றல்லவா தோன்றியிருக்க வேண்டும்? தோன்றாது. ஏன் என்பதை 1970இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் காட்டினார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்து ஒரேயொரு ஸகரத்தை முழுமையாக வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். ஏதோ விடுபட்டது என்று சொன்ன ஒருவரும் தவறான ஒலியைச் சுட்டினார். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதையும் எவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அது வாக்கியத்துக்குப் பக்கத்தில் எங்கோ மிதப்பதுபோல் இருந்தது. ஸகரம் கேட்டதாக அவர்கள் ஊகிக்கவில்லை, அவர்களுக்கு அது கேட்டது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இருமலுக்குப் பதிலாக அந்த இடத்தை மௌனமாக விட்டால் இந்த மாயம் நடப்பதில்லை, ஓட்டை எங்கே என்று எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். மூளையின் கணக்கு நியாயமானதே. மௌனம் இருந்தால் அங்கே ஒலி இல்லை என்பது உறுதி. இரைச்சல் இருந்தாலோ, அதன் பின்னால் ஒலி மறைந்திருக்கலாம்; மறைந்திருந்தால் அது என்னவாக இருக்கும் என்று மூளை நிரப்பிவிடுகிறது. சந்தையிலும் ரயிலிலும் பேசிப் பிழைக்க வேண்டிய உயிரினத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் ராக் பாட்டு எங்கெங்கே மெய்யொலிகளைத் தின்கிறதோ அங்கெல்லாம் மௌனத்தை வைப்பதில்லை, டிரம்ஸை வைக்கிறது. நிரப்புவதற்கு இதைவிட வசதியான பள்ளங்களைச் சோதனைக்கூடத்தில்கூட யாரும் வெட்டித் தர முடியாது.

எதைக் கொண்டு நிரப்புகிறது? சூழலைக் கொண்டு. வாரனும் அவர் சகாக்களும் செய்த இன்னொரு சோதனையில், முதல் மெய்யொலி மட்டும் இருமலால் மூடப்பட்ட ஒரே ஆங்கிலச் சொல்துண்டு நான்கு வாக்கியங்களில் வந்தது. வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் மாறியது. அது வண்டி அச்சாக இருந்தபோது ‘சக்கரம்’ என்று கேட்டார்கள். காலணியாக இருந்தபோது ‘குதி’. ஆரஞ்சுப் பழமாக இருந்தபோது ‘தோல்’. மேசையாக இருந்தபோது ‘உணவு’. ஒலிநாடாவில் நான்கும் ஒரே துண்டுதான். தீர்ப்பைச் சொன்ன சொல் பிறகுதான் வந்தது என்பதே இதில் வியப்பு. பின்னால் வந்தது முன்னால் கேட்டதை மாற்றியெழுதியது, அப்படி எழுதியது கேட்டவருக்குத் தெரியவும் இல்லை. சாதாரணப் பேச்சுகூட இந்த உதவியால்தான் ஓடுகிறது. 1964இல் போலக், பிக்கெட் என்ற இருவர் இயல்பான உரையாடல்களிலிருந்து தனிச்சொற்களை வெட்டியெடுத்துக் கேட்கவைத்தபோது, ஏறத்தாழ பாதிச் சொற்களைத்தான் அடையாளம் காண முடிந்தது. மீதியை நமக்குத் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பது அக்கம்பக்கத்துச் சொற்கள்.

‘லூயி லூயி’யில் அந்த அக்கம்பக்கமும் இல்லை. மாலுமியின் வாக்கியங்கள் வழக்கமான இலக்கணத்தில் வராததால் அடுத்த சொல் இன்னதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்க முடியாது. ஒலியும் உதவாமல் இலக்கணமும் உதவாமல் போனபின் மிஞ்சுவது ஒன்றுதான், கேட்பவரின் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு காகிதத்தில் வந்தது. பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் ‘உண்மையான வரிகள்’ என்று தட்டச்சு செய்த தாள்களைக் கைக்குக் கை கடத்தினார்கள். புகார்க் கடிதங்களோடு அத்தாள்களில் சில எஃப்.பி.ஐ. கோப்புக்குள்ளும் வந்து சேர்ந்தன. பெற்றோர் முதலில் தாளைப் படித்தார்கள், பிறகு தட்டைக் கேட்டார்கள். படித்ததே கேட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிந்திருக்கும். 2000இல் வந்த ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தின் பிரபுதேவா பாட்டுக்கு, தமிழ் அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் தம் காதில் ஆங்கிலமாக விழுந்ததை வரிவரியாக எழுத்தில் போட்டு 2007இல் யூடியூபில் ஏற்றினார். ‘பென்னி லாவா’ என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்டால் நமக்கு அது தமிழ்தான். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால், தமிழ் தெரிந்த காதுக்கும் சில இடங்களில் அந்தக் கோமாளி ஆங்கிலம் எழும்பி வந்துவிடுகிறது. அந்த ஆங்கில வரிகள் பாட்டில் இல்லை என்பது நமக்குத் திண்ணமாகத் தெரியும், இருந்தும் கேட்கிறது. தெரிந்த பொய்யே இவ்வளவு வேலை செய்யுமானால், பொய் என்று தெரியாமல் படித்த தாள் என்ன செய்திருக்கும்!

வேகத்தை மாற்றிக் கேட்டால் மறைந்தது வெளிப்படும் என்று அன்று பலர் நம்பினார்கள். நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை 33⅓இல் ஓட்டினால் ஆபாசம் தெளிவாகக் கேட்கும் என்பது பள்ளிகளில் பரவிய செய்தி. இயற்பியல் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. வேகம் அப்படிக் குறையும்போது எல்லா அதிர்வெண்களும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கீழிறங்கும். குரலின் சுருதி மட்டுமல்ல, ஓர் உயிரொலியை இன்னதென்று காட்டும் வாய்க்குழியின் ஒத்ததிர்வுகளும் சேர்ந்தே இறங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் அந்த ஒத்ததிர்வுகள் வேறுபடுவது சராசரியாக 15 முதல் 20 சதவீதம்; இங்கே அதைத் தாண்டி இறக்கியாகிவிட்டது. எந்த மனித வாயும் எழுப்பாத ஒலியாக உயிர்கள் உருமாறுகின்றன, ஒன்று இன்னொன்றாகத் தோன்றத் தொடங்குகிறது. ஆக, வேகத்தைக் குறைப்பது மூடியிருந்ததைத் திறப்பதில்லை. எஞ்சியிருந்த கொஞ்சநஞ்சச் சான்றையும் அழித்து, எதிர்பார்ப்புக்கு இன்னும் பெரிய இடத்தை ஒதுக்கித் தருகிறது.

எதிர்பார்ப்புதான் காரணம் என்றால் அதை மாற்றிப்போட்டால் விளைவும் மாற வேண்டும் அல்லவா? வரலாறு தானாகவே அந்தச் சோதனையை நடத்திவைத்தது. அதே வரிகள் பெர்ரியின் தெளிவான குரலில் ஆறு ஆண்டுகளாக வெளியில் இருந்தன, ஆபாசம் எழவில்லை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1963 டிசம்பரில் ‘லூயி லூயி’யை இரண்டாம் இடத்தில் நிறுத்திவைத்து முதலிடத்தில் வீற்றிருந்த பாட்டு ‘தொமினிக்’, பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் பிரெஞ்சில் பாடியது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானோருக்கு அதிலும் ஒரு சொல் புரிந்திருக்காது. தட்டின் உறையில் கன்னியாஸ்திரீ இருந்தார், ஆகவே பக்தி கேட்டது. இரண்டும் முழுக்க ஒப்பிடத் தக்கவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரெஞ்சு புரியாவிட்டாலும் அது இன்னொரு மொழி என்பது தெரியும், கிங்ஸ்மென் பாடியது தன் மொழியே புரியாமல் போவது. ஆனாலும் புரியாமை தானாகச் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை என்பதைக் காட்ட இது போதும். சந்தேகம், யார் பாடுகிறார்கள் என்பதிலிருந்து வந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். முன்தகவல் காதைக் கெடுக்கிறது என்றால், பெர்ரியின் அசல் வரிகளைப் படித்துவிட்டுக் கேட்பதும் அதே கெடுதல்தானே? படித்த பிறகு மாலுமியும் கப்பலும் பளிச்சென்று கேட்கின்றன. ஆபாசத் தாளைப் படித்தவருக்கு அது பளிச்சென்று கேட்டதுபோலவே. ஒன்றை உண்மை என்றும் மற்றதை மாயை என்றும் எதை வைத்துச் சொல்வது? தெளிவாகக் கேட்கிறது என்ற உணர்வை வைத்துச் சொல்லவே முடியாது. அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரனின் 19 பேருக்கும் அந்த ஸகரம் ஐயமின்றிக் கேட்டது. உணர்வுக்கு வெளியே போனால்தான் வழி கிடைக்கும். 1981இல் ராபர்ட் ரெமெசும் அவர் குழுவினரும் செய்த ஓர் ஆய்வு அந்த வழியைக் காட்டுகிறது. ஒரு வாக்கியத்தின் குரல் முழுவதையும் எடுத்துவிட்டு, அதன் ஒத்ததிர்வுகள் போகும் தடத்தை மட்டும் மூன்று சீழ்க்கை ஒலிகளால் வரைந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் கேட்கவைத்தபோது பெரும்பாலானோருக்கு அது விண்வெளிப் படத்துச் சத்தம்போல இருந்தது. ‘இது பேச்சு’ என்று மட்டும் சொல்லிக் கேட்கவைத்தபோது, கணிசமானவர்கள் அசல் வாக்கியத்தையே எழுதிக்கொடுத்தார்கள். இங்கும் முன்தகவல்தான் காதைத் திறந்தது. ஆனால் அவர்களிடம் சொல்லப்பட்டது சொற்கள் அல்ல, வகை மட்டுமே. சொற்கள் ஒலியிலிருந்துதான் வந்தாக வேண்டும். வந்ததற்கு அடையாளம், ஒருவரையொருவர் கலக்காத பலர் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தது.

இந்த உரைகல்லில் ‘லூயி லூயி’யை உரசிப் பார்க்கலாம். ஆபாசத் தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எஃப்.பி.ஐ. கோப்பிலேயே வெவ்வேறு வடிவங்கள் இருக்கின்றன. ஒரு தாளின் அசிங்கம் இன்னொரு தாளில் வேறு இடத்தில், வேறு சொற்களில் வருகிறது. பொதுவாக இருப்பது பொருள்வகை மட்டும், வரிகள் அல்ல. ஒலியிலிருந்து வந்திருந்தால் வரிகள் ஒத்திருக்கும். மாலுமிக் கதையோ கேட்பதைச் சாராத சான்றுகளால் தாங்கப்படுகிறது: 1957இன் தெளிவான பதிவு, கிங்ஸ்மெனுக்கு முன்பே 1961இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் ராபின் ராபர்ட்ஸ் பாடிய பதிவு, பதிப்புரிமைக்குப் பதிந்த எழுத்து. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஈலியின் உயிரொலிகளையும் அசை எண்ணிக்கையையும் பொருத்திப் பார்த்தால் பொருந்துகின்றன. இதில் எஃப்.பி.ஐ. செய்யாமல் விட்டது ஒன்று வியப்பூட்டுகிறது. பாடிய ஈலியையே அவர்கள் விசாரிக்கவில்லை. பாட்டு புகழடைவதற்கு முன்பே அவர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்.

தாளைப் படித்துவிட்டுக் கேட்பதன் ஆற்றல் எவ்வளவு என்பதைப் பின்னாளில் கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜான் வோகியும் டான் ரீடும் ஆராய்ந்தார்கள். 1980களில் ராக் தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தான் பேசுகிறான் என்று அமெரிக்காவில் ஒரு பீதி கிளம்பியிருந்தது. இவர்கள் லூயிஸ் கரோலின் ஒரு கவிதையையும் விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தையும் பின்னோக்கி ஓட்டினார்கள். பேசுவது ஆணா பெண்ணா, எந்த மொழி என்பதைக் கேட்டவர்களால் ஓரளவு சொல்ல முடிந்தது. அது கேள்வியா கூற்றா, பக்தியா ஆபாசமா என்பதைச் சொல்ல முடியவில்லை. அதன்பின் ஆய்வாளர்களே அந்தப் பின்னோக்கிய ஒலியில் சில ‘வாக்கியங்களை’த் தேடியெடுத்து, இன்ன இடத்தில் இன்னது வருகிறது என்று சொல்லிக் கேட்கவைத்தார்கள். பெரும்பாலானோருக்குக் கேட்டுவிட்டது. சங்கீதத்தை எழுதியவர் அந்த வாக்கியங்களை ஒளித்துவைத்திருக்க வழியில்லை. இந்த ஆய்வு 1985இல் வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்து நெவாடா மாநிலம் ரீனோவில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் மீது நடந்த வழக்கில், பாட்டில் மறைந்திருந்த ஒரு கட்டளை இரண்டு இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டியது என்ற குற்றச்சாட்டை நீதிபதி ஏற்கவில்லை. அந்தச் சொல் கேட்பதை அவர் மறுக்கவில்லை. பாடகரின் மூச்சும் கிட்டார் ஒலியும் தற்செயலாகக் கூடியதால் அப்படிக் கேட்கிறது என்பதே அவர் கண்டது. கேட்பதையும் பாடியதையும் பிரித்துப் பார்த்த அந்தத் தீர்ப்பு என் கணக்கில் நல்ல அறிவியல்.

இத்தனைக்கும் பிறகு, புகார் செய்தவர்கள் பக்கம் ஒரு சீட்டு மிச்சமிருக்கிறது. கிங்ஸ்மென் தட்டில் உண்மையாகவே ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. 54ஆம் விநாடியை ஒட்டி, டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் குச்சியைத் தவறவிட்ட எரிச்சலில் சொன்னது. பின்னணியில் மெலிதாகப் பதிந்திருக்கிறது. அப்படியானால் அவர்கள் சொன்னது சரிதானே? சரியல்ல, அவர்கள் கண்டெடுத்த ஆபாசம் ஈலி பாடிய வரிகளில் இருந்தது, இது அங்கே இல்லை. சொல்லப்போனால் இது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிகளுக்குள் இல்லாததை நூறு முறை கேட்டவர்கள், தாளில் எழுதாத இடத்தில் இருந்ததைத் தாண்டிப் போய்விட்டார்கள். எதிர்பார்ப்பு இல்லாததைக் கேட்கவைப்பதோடு நிற்பதில்லை, இருப்பதைக் கேட்காமலும் செய்யும்.

கலை பற்றிச் சிந்திப்பவர்கள் வேறொரு மறுப்பைச் சொல்வார்கள். பாட்டின் பொருளைக் கேட்பவர்தான் தருகிறார். பாடியவர் என்ன சொன்னார் என்று துருவுவது அதைச் சிறுமைப்படுத்துவது. இதில் உண்மை இருக்கிறது. ஆர்.இ.எம். குழுவின் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் மைக்கேல் ஸ்டைப் வேண்டுமென்றே முணுமுணுக்கிறார். காக்டோ ட்வின்ஸின் எலிசபெத் ஃப்ரேசர் பாடுவது பல இடங்களில் எந்த மொழியும் அல்ல. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் பொருளற்ற அசைகளால் ஒரு முழுத் தொகுப்பைப் பாடி, கூடவே வெற்றுத்தாள்களாலான ஒரு புத்தகத்தைக் கொடுத்தது, கேட்பவர் எழுதிக்கொள்ளட்டும் என்று. அங்கெல்லாம் நிரப்பும்படி அழைப்பு இருக்கிறது, நிரப்பியவர் நான்தான் நிரப்பினேன் என்று அறிந்திருக்கிறார். ‘லூயி லூயி’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளாகப் பெருகியதற்கு அதன் தெளிவின்மையும் ஒரு காரணம் என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் ‘இந்தப் பாட்டு எனக்கு இப்படி ஒலிக்கிறது’ என்பதும் ‘அவன் இந்தச் சொல்லைப் பாடினான்’ என்பதும் இருவேறு கூற்றுகள். முதலாவதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவதற்குச் சாட்சி வேண்டும், அதிலும் அதை வைத்து இன்னொருவரைக் கூண்டில் ஏற்றப்போவதாக இருந்தால்.

இதெல்லாம் இணையத்துக்கு முந்திய காலத்துச் சிக்கல், இன்று எந்தப் பாட்டின் வரியையும் ஒரு நொடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தோன்றும். பார்த்துக்கொள்ளலாம், ஆனால் பல தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஆயிரம் பக்கங்களில் ஒரே வரி இருந்தால் அது ஆயிரம் சாட்சிகள் அல்ல, ஒரு சாட்சியின் ஆயிரம் படிகள் மட்டுமே. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களும் விதிவிலக்கல்ல; இரைச்சலையும் இசையையும் கொடுத்தால், யாரும் பேசாத இலக்கண சுத்தமான வாக்கியங்களை அவை எழுதிக்கொடுப்பது தெரிந்த குறைபாடு. அவற்றுக்கும் அடுத்து எந்தச் சொல் வரும் என்ற எதிர்பார்ப்பு கற்பிக்கப்பட்டிருக்கிறது. தகவல் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதால் மட்டும் எதிர்பார்ப்பு விலகிக்கொள்ளும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. 2005இல் மிச்சிகன் மாநிலம் பென்டன் ஹார்பரில் ஒரு நடுநிலைப் பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழு, ஊர்வலம் ஒன்றில் ‘லூயி லூயி’யை வாசிப்பதாக இருந்தது. வரிகள் ஆபாசம் என்று கல்வி அதிகாரி தடை விதித்தார். பின்னர் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் குழு வாசிக்கவிருந்தது வெறும் ஊதுகுழல்களும் முரசுகளும். பாடுவதற்கு அதில் ஆளே கிடையாது.